ஸ்டோரில் நெடி இல்லை

ஃபார்மலினைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று இருபத்தாறு வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான். ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் கட்டி, துண்டு, துணுக்கு எல்லாம் என்னிடம்தான் வரும். அழுகாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஜாடியில் போட்டு, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றி வைப்பேன். நோயாளியின் பெயரை ஜாடியின் உடம்பில்தான் ஒட்ட வேண்டும், மூடியில் ஒட்டக் கூடாது. மூடி மாறினால் ஒருவருடைய புற்றுநோய் இன்னொருவர் தலையில் விழும். மூடியில் ஒட்டி அனுப்பிய நர்ஸுகளை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். அதனால் எனக்கு ஜாடியம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், அவ்வளவு தைரியம்.

என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் வாயாடி. கூடத்தைப் பெருக்கித் துடைக்க வரும் கான்ட்ராக்ட் பெண். அவளுடைய சொந்தப் பெயரை ஆஸ்பத்திரியே மறந்துவிட்டது. காலை பத்து மணிக்குப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் டீ குடிப்போம். பத்து நிமிடம். அதில் ஒன்பதரை நிமிடம் அவளுடைய மாமியார் வந்துபோவாள். மீதி அரை நிமிடத்தில் நான் "அப்புறம்?" என்று கேட்பேன். என் நாளில் நடக்கும் பேச்சு அவ்வளவுதான். வீட்டில் அம்மா போனபிறகு யாரும் இல்லை. தம்பி மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து, "நல்லா இருக்கியா?" என்பான். நல்லாத்தான் இருக்கிறேன் என்பேன். அவனும் நம்பிவிடுவான்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஃபார்மலின் கேன்கள் இருக்கும் ஸ்டோர் அறையில் காற்றில் எவ்வளவு ஃபார்மலின் கலந்திருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் இருந்தது. அது கெட்டுப்போனபோது பெரிய டாக்டர், "ஜாடியம்மா மூக்கு இருக்கறப்ப மீட்டர் எதுக்கு?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஃபேனைப் போட்டு, கதவைத் திறந்து, வாசலில் நின்று நான் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். நெடி இல்லை என்றால் "போகலாம்" என்பேன். நான் சொல்லாமல் ஒருவரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.

இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியாதா? ஃபார்மலின் மூக்கை ஏமாற்றும். முதலில் சுரீர் என்று ஏறும். கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். நெடி போய்விட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் நெடி அங்கேயேதான் இருக்கும், நம் மூக்குதான் வேலையை நிறுத்தியிருக்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் சிலருக்கு மூக்கு திரும்பவே திரும்பாது. இதையெல்லாம் புதிதாக வரும் டாக்டர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைப்பதுபோல் தட்டினார். போய்ப் பார்த்தால் என் அடுப்பில் பால் கரியாகியிருக்கிறது, சமையலறையெல்லாம் புகை. நான் அடுத்த அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் போனதும் காபித்தூள், சோப்பு, வெங்காயம், துவைக்காத துணி என்று ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். வெங்காயத்தால்தான் என்று சொல்லிக்கொள்ளவும் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. சொன்னால் ஃபார்மலின் பக்கம் விடமாட்டார்கள், மூன்றாவது மாடி ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு மேஜை, ஒரு ஜன்னல், கூரைவரை ஃபைல். வாயாடியின் கான்ட்ராக்டில் அந்த மாடி கிடையாது. அப்படி ஒரு ரெக்கார்டு ரூம்தான் என் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். ஃபார்மலின் அதிகமானால் கண் எரியும். மூக்கு செய்யாத வேலையைக் கண்ணுக்குக் கொடுத்தேன். வாசலில் நின்று மூச்சை இழுப்பதுபோல் பாவனை செய்வேன். கண்ணில் உறுத்தல் இல்லை என்றால் "போகலாம்". இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குப் புதிய பாதுகாப்புக் கண்ணாடி வந்தது. சுற்றிலும் ரப்பர் வைத்து முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். இதைக் கேட்டு மூன்று முறை எழுதியிருந்தேன். ஆசையோடு மாட்டிக்கொண்டு ஸ்டோர் கதவைத் திறந்தேன். மூச்சை இழுத்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை.

"போகலாம்," என்றேன்.

வாயாடி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மாப்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் என் மேஜைக்குப் போய் ஜாடிகளை எண்ணத் தொடங்கினேன். வழக்கமாக உள்ளேயிருந்து அவள் பேசும் சத்தம் கேட்கும், கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கமாட்டாள். அன்று இருமல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வாளி உருண்டது.

ஓடினேன். வாசலிலிருந்து தெரியாத மூலையில், கீழ்த்தட்டில் ஒரு கேன் விரிசல் விட்டு, ஞாயிறு முழுவதும் கசிந்து, அங்கே தரையெல்லாம் ஃபார்மலின். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதன் நடுவில் அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு அவளை இழுத்து வந்து வராந்தாவில் போட்டேன். கதவைச் சாத்தினேன். ஆள் வரச்சொல்லிக் கத்தினேன். நனைந்த உடையைக் கழற்றி என் கோட்டைப் போர்த்தினேன். குழாயடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை விரித்துப் பிடித்துக் கழுவினேன். பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு ஆக்ஸிஜன் வைத்து வார்டுக்குக் கொண்டுபோனார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மத்தியானம் சொன்னார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் பாதி எழுதிய அறிக்கை இருந்தது.

"நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே உள்ள போயிருப்பா. அவதான் அவசரக்குடுக்கையாச்சே. நீங்க பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காது. கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேற ஆளைப் போடச் சொல்லிடறேன்," என்றார்.

மறுத்துச் சொல்ல வேண்டியதுதானே? நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வார்டுக்குப் போனேன். வாயாடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. தொண்டை வீங்கிக் குரல் அடைத்துப்போயிருந்தது. அந்த வாய் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏன்டி உள்ளயே நின்ன? நெடி அடிக்கலையா உனக்கு?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் கையைக் காட்டி அருகே கூப்பிட்டாள். காதைக் கொண்டுபோனேன். காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"அடிச்சுதுக்கா. உள்ள போனதுமே கண்ணு மூக்கெல்லாம் எரிஞ்சுது. ஆனா நீங்க போகலாம்னு சொன்னீங்கள்ல? அதான், எனக்குத்தான் ஏதோ ஒத்துக்கலன்னு நெனச்சு தொடச்சிக்கிட்டே இருந்தேன்."

நன்றாக இருந்த தன் மூக்கை நம்பாமல் செத்துப்போன என் மூக்கை நம்பியிருக்கிறாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மூக்கு வேலை செய்யாதுடி. ரெண்டு வருஷமாச்சு," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியே சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். கையை மெதுவாக உருவிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நேராகப் பெரிய டாக்டரிடம் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நான் பார்த்த பிறகுதான் அவள் உள்ளே போனாள், போகலாம் என்று சொன்னது நான், எனக்கு எந்த வாடையும் தெரியாது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பேனாவை மூடினார். அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"நாளையிலேருந்து நீங்க ரெக்கார்டு ரூம்," என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். வேலையால் வந்த நோய் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினார். எத்தனை வருட வேலை, எவ்வளவு நாளாகத் தெரியவில்லை, ருசி தெரிகிறதா. நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இதை மொதல்ல கவனிச்சது யாரு?"

"புரியல டாக்டர்."

"சாதாரணமா கூட இருக்கறவங்கதான் மொதல்ல கண்டுபிடிப்பாங்க. குழம்பு அடிபிடிச்சிருக்கு, உனக்குத் தெரியலையான்னு கேப்பாங்க. உங்க வீட்ல யாரு கேட்டாங்க?"

இரண்டு வருடம். எழுநூறு நாளுக்கு மேல் ஆகிறது. அத்தனை நாளும் என் சமையலைச் சாப்பிட்டது நான் மட்டும்தான். தம்பியைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவனுக்குத் தெரியாது. அம்மாவைச் சொல்ல முடியாது. வார்டில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி காத்திருந்தார்.

"அந்த எடத்த காலியா விட்டுடுங்க டாக்டர்," என்றேன்.