நல்ல நேரத்தில் நகர்ந்த ட்ராக்டர்

1996 செப்டெம்பர் பதினைந்தாம் திகதி, ஞாயிறு மாலை, டொரொன்டோவின் ஸ்காபரோப் பக்கம், அஜின்கோர்ட்டில் சண்முகநாதன் அண்ணை வீட்டு பேஸ்மென்ரில் இருந்தவர்கள்: எங்கள் குடும்பங்கள் ஒன்றியத்தின் தலைவர் சண்முகநாதன் அண்ணை, ரீவிக்கு எதிரே தனிச் சோபாவில். பொருளாளர் சச்சிதானந்தன், அவருடைய கைக்கெட்டும் தூரத்தில், பிளாஸ்ரிக் உறை கழற்றாத நீளச் சோபாவில். செயலாளர் மங்கையற்கரசியாகிய நான், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில், மடக்குக் கதிரையில். தலைவரின் மனைவி குணவதி அக்கா, தேத்தண்ணித் தட்டத்தை மடியில் வைத்தபடி படிக்கட்டின் கடைசிப் படியில். யூஜினி, ஹீற்றர் அறைக் கதவோரம், கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல்.

நீளச் சோபாவில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருந்தது. யூஜினியை அங்கே இருக்கச் சொல்ல ஆண்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னேன். "இது காணும் அக்கா" என்றாள்.

ராகு காலம் முடியட்டும் என்று ஆறு மணிக்குப் பிறகுதான் கூட்டம் தொடங்கியது. பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: மிஸிஸ் கிளடிஸுக்கு என்ன பதில் எழுதுவது.

மிஸிஸ் கிளடிஸ் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டொரொன்டோவிலிருந்து கிழக்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் அவருடைய காம்ப் கிரவுண்ட் வரும். முன்பு அது அவருடைய தகப்பனின் பண்ணை. இப்போது கிளடிஸும் இரண்டு மகன்மாரும் நடத்துகிறார்கள். பண்ணை போனாலும் தகப்பனின் ட்ராக்டர்கள் போகவில்லை. பழைய ட்ராக்டர்கள் ஐந்து, மாட்டுக் கொட்டிலாக இருந்த இடத்தில் துடைத்து மினுக்கி நிற்கின்றன. செப்டெம்பர் தொடக்கத்தில் லேபர் டே விடுமுறைக்கு எங்கள் ஒன்றியத்துக் குடும்பங்கள் அங்கே கூடாரம் அடிக்கும். அந்த ஞாயிறு ஐந்து மணிக்கு, அவை ஐந்தும் கூடாரங்களைச் சுற்றி ஊர்வலம் போகும். பின்னால் வைக்கோல் கட்டுகள் அடுக்கிய வண்டில்களில் பிள்ளைகள் எல்லாரும் ஏறுவார்கள். ட்ரெயிலர்களில் கோடை முழுக்கத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார்கள். காலையில் அவர்கள் எங்களுக்குச் சோளம் அவித்துத் தருவார்கள், பின்னேரம் நாங்கள் அவர்களுக்கு வடை சுட்டுக் கொடுப்போம். ஊர்வலத்துக்கு முன் இரண்டு பக்கப் பெண்களுக்கும் கயிறு இழுத்தல் நடக்கும். நான்கு வருடங்களாக இப்படித்தான்.

ஐந்தில் சின்னது ஒரு சிவப்பு மஸி-ஹரிஸ். போனி என்று அதற்குப் பெயர். இரண்டு வருடங்களுக்கு முன் யூஜினி என்னிடம் வந்து, "அக்கா, அந்தக் கிழவியிட்டைக் கேளுங்கோ, நான் உதை ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ எண்டு" என்றாள். நான் கேட்டேன். கிளடிஸ் யூஜினியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். ரப்பர்ச் செருப்போடு என் ட்ராக்டரில் ஒருவரும் ஏற முடியாது என்றார். யூஜினி என் கணவரின் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, அது இரண்டு அளவு பெரிதாக டக்குடக்கென்று அடிக்க, போய் ஏறினாள். மன்னார் முருங்கனில் தகப்பனின் வயலை உழுதவள் அவள்தான். ஒரு சுற்றுப் போய் வந்து, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். அன்றிலிருந்து போனியை ஓட்டுபவர் என்று காம்ப் கரும்பலகையில் எழுதப்படும் பெயர் யூஜினியுடையது.

இந்த வருடம் கிளடிஸ் அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லியிருந்தார். ஒக்டோபர் தொடக்கத்தில் அவர்களின் ஊரில் பொருட்காட்சி. அங்கே பழைய ட்ராக்டர்களின் ஊர்வலத்தில் போனியை யூஜினியே கொண்டுபோகட்டும் என்றார். யூஜினி டொரொன்டோ பார்க்டேலில் வந்திறங்கிய நாளிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். பொதி கட்டும் தொழிற்சாலையில் லீவு கேட்டு அவள் வாய் திறந்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

அது இப்போது இல்லை என்றாகிவிட்டது. அதற்குக் காரணம் எங்கள் தலைவர்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஊர்வலம் ஐந்து மணிக்கு. எங்கள் தலைவரின் கணக்குப்படி நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்கு முன் ட்ராக்டரை நல்ல நேரத்தில் ஓரடி நகர்த்தி வைத்துவிட்டால் பிறகு எப்போது ஓடினாலும் குற்றமில்லை என்பது அவர் வாதம். போனியைச் சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த யூஜினியிடம், சாவியைப் பூசைத் தட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டார். யூஜினி மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை. சாமிக்கு என்று கேட்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. கொடுத்துவிட்டுக் கயிறு இழுக்கப் போனாள். குணவதி அக்கா கற்பூரம் காட்டி, நான்கு சில்லுக்கும் அடியில், ஏறி நசுக்கட்டும் என்று, நான்கு தேசிக்காய் வைத்தார். தலைவர், அரைக் காற்சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக, ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணினார்.

அவர் இந்த நாட்டில் ஓட்டியது எல்லாம் கியர் போடத் தேவையில்லாத வான். போனி பாய்ந்தது. அந்த ட்ராக்டரில் இரண்டு பின் சில்லுகளுக்கும் தனித்தனிப் பிரேக். ஒன்றை மட்டும் மிதித்தால் அந்தப் பக்கம் சுழலும். அவர் ஒன்றை மட்டும் மிதித்தார். ட்ராக்டர் சுழன்று கொட்டகைத் தூணில் மோதியது. முன் கிறில் உள்ளே போய், ரேடியேற்றர் தண்ணீர் புல்லில் ஓடியது. தலைவர் கீழே விழுந்து முழங்காலைப் பிடித்தார். இயந்திரம் நிற்காமல் தூணை நெருக்கிக்கொண்டே இருந்தது. யூஜினி கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து, ஏறி, நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கிளடிஸ் வந்தார். ட்ராக்டர் தூணில், யூஜினி ஆசனத்தில். நொண்டிக்கொண்டு எழுந்து நின்ற எங்கள் தலைவர் கிளடிஸைப் பார்த்துச் சிரித்து ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் சொன்னார்: "லேடி டிரைவர்!"

சுற்றி நின்ற எங்கள் ஆட்களில் சிலர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். கிளடிஸ் கையை நீட்டினார். யூஜினி சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். நான் ஐஸ் வாங்க ஊருக்குள் போய்விட்டு வந்து காரைவிட்டு இறங்கியபோது கண்டது, சாவியோடு திரும்பிப் போகும் கிளடிஸின் முதுகை மட்டும்தான்.

அன்றிரவு கூடாரம் கூடாரமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சண்முகநாதன் அண்ணையின்ரை வெள்ளோட்டம் என்று. எல்லாருக்கும் உண்மை தெரியும். ஸ்காபரோவுக்குத் திரும்பி ஒரு கிழமைக்குள், ரெலிபோன்களில் கதை மாறியிருந்தது. யூஜினி இடித்துவிட்டாளாம். அன்று சிரித்த வாய்களே இதையும் சொல்லின.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன், வியாழக்கிழமை, கிளடிஸ் எனக்குப் போன் எடுத்தார். நீங்கள் எல்லாரும் அடுத்த வருடமும் வரலாம், ஆனால் பொருட்காட்சிக்கு யூஜினி வேண்டாம், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் அவசரக்காரியை ஏற்ற முடியாது என்றார். யூஜினி ஓட்டவில்லை என்றேன். "நீ பார்த்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. "உங்கள் தலைவர் என் முகத்துக்கு நேரே சொன்னாரே. வேறு விதமாக நடந்திருந்தால், பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட்டு எழுதட்டும்" என்று வைத்துவிட்டார்.

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"எழுதும் பிள்ளை," என்றார் தலைவர். "எங்கடை டிரைவர் மிஸிஸ் யூஜினியின்ரை அனுபவக் குறைவால நடந்த விபத்துக்கு ஒன்றியம் வருந்துது. அவ்வளவுதான். நல்ல இங்கிலீசில போடும்."

"யூஜினி ஓடேல்லையே அண்ணை."

"ஆர் ஓடினது எண்டதே இப்ப பிரச்சினை? ஒன்றியத்தின்ரை பேர் கெடக்கூடாது."

"ஒன்றியத்தின்ரை பேரோ, உங்கடை பேரோ?"

அவர் சோபாவின் நுனிக்கு வந்தார். "மங்கை, நான் இன்சூரன்ஸ் விக்கிறனான். உழவு மெசினைத் தூணில அடிச்சவன் எண்டு தெரிஞ்சால் ஆர் என்னட்டைப் பொலிசி எடுப்பினம்? சொல்லும் பாப்பம். அவவுக்கு என்ன போகப்போகுது? பொம்பிளையள் உழவு மெசின் ஓடாட்டி கனடா நிண்டிடுமோ?"

சச்சிதானந்தன் தொண்டையைச் செருமினார். "ஆர் எண்டு போடாமல் விடுவமே. ஒரு விபத்து நடந்தது எண்டு மட்டும் எழுதுவம். ரெண்டு பக்கத்துக்கும் நோகாது."

"ஒரு பக்கத்துக்கு நோகாது," என்றேன். "கிளடிஸ் யூஜினி எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. நீங்கள் ஒண்டும் எழுதாட்டி அது அப்பிடியே இருக்கும். சச்சி அண்ணை, நீங்கள் பத்தடியில நிண்டு பாத்தனீங்கள்தானே?"

"நான் கலண்டரைப் பற்றித்தான் கதைச்சனான்," என்றார் அவர் அவசரமாக. "இஞ்சை சூரியன் எட்டு மணிக்கெல்லோ படுகுது, உது யாழ்ப்பாணத்து ராகு காலமெல்லோ எண்டு அப்பவே கேட்டனான்."

"கடைக் கலண்டரில நாலரை எண்டு போட்டிருக்கு!" என்று தலைவர் சத்தம் போட்டார். "கனடாவில அடிச்ச கலண்டர்!"

ஒரு பெண்ணின் மானம் போய்க் கிடக்கிறது, இவர்கள் கலண்டருக்குச் சண்டை பிடிக்கிறார்கள். பேனையை மூடினேன். "பொய்யை நான் எழுதமாட்டன். வேற செயலாளரைப் பாருங்கோ. ஆனால் போறதுக்கு முதல், அண்டைக்குக் கூடாரத்தில சிரிச்ச ஒவ்வொருத்தரின்ரை வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டுவன்."

"கோவிக்காதையும்," என்றார் தலைவர், குரலை இறக்கி. பிறகு வாளிப் பக்கம் திரும்பினார். "யூஜினி, நீர் நல்ல பிள்ளை. நீரே சொல்லும், நான்தான் ஓடினனான் எண்டு. பெரிய மனசு பண்ணும்."

யூஜினி அதுவரை தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "நான் ஓடியிருந்தால் இடிச்சிருக்கமாட்டன் அண்ணை," என்றாள். "பிறகு எப்பிடி ஓடினனான் எண்டு சொல்லுறது?"

"அப்ப அந்த மனுசியிட்டை அங்கையே சொல்லியிருக்கலாமே? வாய் இல்லையோ?"

"இருந்தது. ஆசனத்தில இருந்தவள், நான் இல்லை எண்டு சொன்னால் ஆர் நம்புறது? அதுதான் ஒவ்வொருத்தரின்ரை முகத்தையும் பாத்தனான். நீங்கள் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டியள்."

சச்சிதானந்தன் குனிந்து சோபா உறையின் மடிப்பைத் தடவினார். தலைவர் மட்டும் விடவில்லை. இனி மறுக்க வழியில்லை என்று கண்டதும் வேறு ஆளைத் தேடினார்.

"சரி, நான்தான் ஏறினன் எண்டு வையுங்கோ. பிழை என்னிலையோ? தேசிக்காயை நேரா வைச்சிருந்தால் சில்லு வழுக்கியிராது. ஒரு தேசிக்காய் ஒழுங்கா வைக்கத் தெரியாத ஆக்களோடை என்னத்தைச் செய்யிறது?"

படிக்கட்டில் தட்டம் சத்தமாக வைக்கப்பட்டது.

"என்ன சொன்னியள்?" குணவதி அக்கா எழுந்து நின்றார். "தேசிக்காயோ? முதல் யூஜினி எண்டியள். இப்ப நானோ? ரெண்டு கிழமையா உங்கடை முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிடுறன். போட்டுவிட, போட்டுவிட, நீங்கள் ரெலிபோனில ஊருக்கெல்லாம் யூஜினி இடிச்சவள் எண்டு சொல்லுறியள். புருசன் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன். இனி இருக்கமாட்டன்."

"குணம், உள்ளை போம்."

"இதுதான் உள். இதுக்கு அங்காலை ஹீற்றர்தான் இருக்கு." அவர் நேரே வந்து நீளச் சோபாவில் இருந்தார். பிளாஸ்ரிக் கிறீச்சிட்டது. "யூஜினி, இஞ்சை வாரும், எனக்குப் பக்கத்தில இரும். மங்கை, எழுது. பாத்த ஆள் நான். தேசிக்காய் வைச்சதே நான்தான், என்னைவிடக் கிட்ட நிண்டு ஆர் பாத்தது?"

யூஜினி எழுந்து வந்தாள். நான் பேனையைத் திறந்தேன்.

குணவதி அக்கா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். என் கணவர் சண்முகநாதன் சாமி கும்பிடுவதற்கென்று சாவியை வாங்கினார். யூஜினியைக் கேளாமல் ட்ராக்டரை ஓட்டித் தூணில் மோதினார். அப்போது யூஜினி உங்கள் பக்கத்துப் பெண்களோடு கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். ஓடிவந்து நிறுத்தியவர் யூஜினி. லேடி டிரைவர் என்று என் கணவர் சொன்னது பொய். பொருட்காட்சிக்குப் போனியை யூஜினி கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறேன்.

"என்ரை பேரை ஏன் போடுறீர்?" என்றார் தலைவர்.

"வேற ஆற்றை புருசன் எண்டு எழுதுறது?" என்றார் குணவதி அக்கா.

சச்சிதானந்தன் சிரித்துவிட்டு, உடனே இருமலாக மாற்றினார். நான் தாளை அவர் பக்கம் நீட்டினேன். தலைவரை ஒருதரம் பார்த்தார், யூஜினியைப் பார்க்கவில்லை. "ஒரு கையெழுத்துக் காணுந்தானே," என்றார். போதும்தான். ஆனாலும் அந்த மனிதருக்கு நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

குணவதி அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்திலும் போடட்டோ என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன். எழுதியதை யூஜினிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "அவசரக்காரி இல்லை எண்டும் போடுங்கோ அக்கா," என்றாள். அடியில் சேர்த்தேன்.

பேஸ்மென்ரில் தலைவர் நியூஸ் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். நாங்கள் மூன்று பேரும் மேலே குசினிக்கு வந்தோம். நான் விலாசம் எழுதினேன், யூஜினி முத்திரை ஒட்டினாள். குணவதி அக்கா உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து மடித்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். பிறகு தோளுக்கு ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு, "நடவுங்கோ, நானும் வாறன்" என்றார். தெரு முனையில் சிவப்புத் தபால்பெட்டி. யூஜினி பெட்டியின் வாயை இழுத்துப் பிடிக்க, நான் கடிதத்தைப் போட்டேன். அவள் மூடியை விட்டுவிட்டு, மறுபடி இழுத்து, உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள்.