மதியத்துக் கலங்கல்

“நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க மாமா. உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு.”

“நான் சொன்னா எனக்காக இருப்பான். என்னைப் புதைச்ச கையோட மாஸ்கோவுக்குக் கிளம்பிடுவான். உன் புருஷன், நீயே கேளு.”

“ஒரு மாட்டுக்கே பத்தாத புல்லை வெச்சுக்கிட்டு எப்படி இருங்கன்னு கேக்குறது? மேட்டு நிலத்துக்குத் தண்ணி ஏறட்டும், கேக்குறேன்.”

“பதினோரு வருஷமா ஏறாத தண்ணி!” படுக்கையில் கிடந்தபடி சவ்சனின் மாமனார் சிரித்தார். அது போன மாதம்.

இன்று காலை அவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டார் கொண்டுவந்த உப்புப் பால்தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான் சவ்சனின் கணவன் நேக்கதம். வெள்ளிக்கிழமைக்கு அவனுக்கு மாஸ்கோ திரும்பப் பயணச்சீட்டு இருந்தது.

ஊருக்கு நீர்முறை பார்க்கும் முபாரக்‌ஷோ சவ்சனிடம் வந்தார்.

“இழவு வீடு எந்த வேளைத் தண்ணி வேணும்னாலும் கேக்கலாம். வழக்கம்போலக் காலைத் தண்ணிதானேம்மா?”

“இன்னைக்கு மதியத் தண்ணி குடுங்க பெரியப்பா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெயிலேறிப் பனிமலை உருகினால் வருவது பாதி சேறு. பர்தாங் பள்ளத்தாக்கில் அதை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

“அழுது அழுது புத்தி கலங்கிடுச்சா? புல்லு மேல சாந்து பூசப் போறியா?” என்றாள் பக்கத்து வீட்டு குல்பெகிம்.

“புல்லுக்கு இல்லக்கா. மேட்டு வாய்க்காலுக்கு.”

மாமனார் தனியாளாகக் கல் அடுக்கிக் கட்டிய வாய்க்கால். ஒவ்வொரு முறையும் தெளிந்த காலைத் தண்ணீரைத்தான் விட்டார். பாதி வழியிலேயே கல்லிடுக்குகள் குடித்துவிடும். போன வாரம் சுவர் விரிசலைச் சேற்றால் மெழுகும்போதுதான் சவ்சனுக்கு உறைத்தது. சொல்லலாம் என்றிருந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

மதியம் வாய்க்கால் தலைப்பில் நேக்கதம் மடைப்பலகையை ஒரே இழுப்பில் உருவினான்.

“முழுசாத் திறக்காதீங்க! வேகமா ஓடினா சேறு எங்க படியும்?”

“நான் இல்லாத ஆறு வருஷத்துல எசமானி ஆயிட்டே.”

“எசமான் ஊர்ல இருந்தாத்தானே?”

அவன் பலகையைப் பாதி இறக்கினான். சாம்பல் நிறத் தண்ணீர் ஊர்ந்து போய், வழக்கமான இடத்தில் நின்றது. கல்லிடுக்குகளில் குமிழிகள் வெடித்தன.

“அவ்வளவுதான்,” என்றாள் குல்பெகிம்.

வெகுநேரம் கழித்து ஒரு குமிழி அடங்கியது. பிறகு இன்னொன்று. தண்ணீர் விரற்கடை உயர்ந்து, கல்லைத் தாண்டியது. நேக்கதம் அதோடு நடந்தான். பிறகு ஓடினான். மேட்டு விளிம்பில் தண்ணீர் ஒரு கணம் தேங்கி, வெடித்துக் கிடந்த நிலத்தில் அகலமாகப் பரந்தது.

முபாரக்‌ஷோ மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, செத்துப்போனவரின் பெயரைச் சொல்லிக் கூவினார். துக்கத்துக்கு வந்த ஊரே கூடக் கூவியது. குல்பெகிமின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

காலையில் அழாத நேக்கதம் கணுக்காலளவு சேற்றில் நின்று அழுதுகொண்டே சிரித்தான்.

“மூணு மாடு கட்டலாம் சவ்சன்! மூணு!”

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை போகாதீங்க,” என்றாள். “என்கூட இருங்க.”