வத்தல் வறுத்துப் பார்த்த வெள்ளிக்கிழமை

“ஏட்டி, இன்னைக்கு வேலைக்குப் போகலியா?”

வீட்டுக்குள் கால் வைத்த குருவம்மாளைப் பார்த்து அவள் புருஷன் ரத்தினம் கேட்ட கேள்வி இது. காலையில் வன்னியம்பட்டியில் பஸ் ஏறி, ராஜபாளையம் போய், பாண்டிதுரை மெஸ்ஸில் பகலெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்று, கெண்டைக்கால் வீங்கி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா?

“பொறவு என்ன, செண்பகத்தோப்புக்குக் காத்து வாங்கவா போயிட்டு வாரேன்?”

“அதுக்கில்லட்டி. வாடையே வரலியே! நீ தெரு முக்குல திரும்பும்போதே இங்க எனக்கு மூக்கு ஊறுமே.”

குருவம்மாள் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சேலை சேலையாகவே மணந்தது. வத்தல் நெடி இல்லை, எண்ணெய்ச் சிக்கு இல்லை. இருமலும் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு சோறு வடித்து ரசம் வைத்து வாயில் வைத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

“ஏங்க, நம்ம வீட்டு ரசத்துல எப்பவுமே இம்புட்டு பெருங்காயமா?”

“எப்பவுமேதான்.”

“ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“சொன்னா பொறவு யாரு ஆக்கிப் போடுதது?” என்றார் ரத்தினம், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

புகை தின்று தின்று செத்துப்போன நாக்கு அன்றைக்குத்தான் உயிர் பிடித்திருந்தது. காரணம், மெஸ்ஸில் அன்று மாட்டிய புது ஃபேன். அடுப்புகளுக்கு மேலே பெரிய தகரக் கூடு கவிழ்த்த மாதிரி சிம்னி, அதற்குள்ளிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போகிற குழாய், குழாய்க்குள் ஃபேன். இதெல்லாம் எந்த ஊரிலும் இருக்கிறதுதான். இதில் அதிசயம் என்னவென்றால் சுவிட்சைப் போட யாரும் வேண்டாம். அடுப்பைப் பற்றவைத்தால் சூட்டைத் தெரிந்துகொண்டு தானே மெல்லச் சுற்றும். புகை எழும்பினால் வேகம் பிடிக்கும். அடுப்பை அணைத்தால் செத்த நேரம் ஓடி, கூட்டுக்குள் மிச்சம் கிடப்பதையும் இழுத்துத் தள்ளிவிட்டுத் தானே நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஷாநவாஸ் என்கிற மெக்கானிக் மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தான். அவன் கிளம்பும்போது குருவம்மாள் அந்தச் சிம்னியை, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குருவம்மாள் வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸிலேயே போய் இறங்கினாள். அடுப்படியைக் கழுவி, ஒவ்வொரு அடுப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வெள்ளிக்கிழமையென்றால் கிரைண்டருக்கும் பொட்டு உண்டு, அரிவாள்மனைக்கும் உண்டு, கேஸ் சிலிண்டருக்குக்கூட உண்டு. புதிதாக வந்ததை மட்டும் விட்டுவிட மனசு வருமா? ஸ்டூலைப் போட்டு ஏறி, அதற்கும் குறைவில்லாமல் வைத்துவிட்டு இறங்கினாள்.

முதலாளி பாண்டிதுரை வந்து மெயின் சுவிட்சைப் போட்டார். அவர் பட்டாளத்தில் அவில்தாராக இருந்தவர். பெருங்காய டப்பாவைக்கூட வரிசை மாறி வைக்க விடமாட்டார். சுவிட்ச் விழுந்ததுதான் தாமதம், ஃபேன் “ங்ஙொய்ய்” என்று எடுத்தது பாருங்கள், ஆடி மாதத்துக் காற்று கணவாயில் புகுந்த மாதிரி! ஒரு அடுப்புகூட இன்னும் பற்றவைக்கவில்லை. முந்தின நாள் பொரித்து மிஞ்சிய அப்பளங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எழுந்து, சிம்னியின் கம்பி வலையில் போய் ஒட்டிக்கொண்டன. பரோட்டா மாஸ்டர் முத்துப்பாண்டி பிரித்துக் கொட்டிய மைதா, கல்லில் விழாமல் மேல்நோக்கிப் போனது. அவன் தோள் துண்டும் பின்னாலேயே போனது. சாப்பிடுகிற கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த கதவு தானாக உள்ளே திறந்துகொண்டது. கூடத்தில் இட்லிக்காகக் காத்திருந்தவர்களின் இலை நுனிகள் எல்லாம் அடுப்படிப் பக்கம் பார்த்துத் தலையாட்டின.

“நிறுத்துலே அத!” என்று முதலாளி கத்தினார்.

நிறுத்தினார்கள். மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே ஆட்டம். நிறுத்திவிட்டே தோசை ஊற்றலாம் என்று பார்த்தால், பழைய ஃபேனைத்தான் கழற்றி எடைக்குப் போட்டாயிற்றே. புகை முழுக்க உள்ளேயே சுற்றியது. ஓடவிட்டால் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. சர்வர், தோசையென்றால் கையை வட்டமாகச் சுழற்றியும் வடையென்றால் விரலில் ஓட்டை காட்டியும் ஆர்டர் சொன்னான். பொங்கலுக்கு என்ன காட்டுவது என்று தெரியாமல் வயிற்றைத் தடவிக் காட்ட, முத்துப்பாண்டி அவனுக்கு ஓமத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் வந்து சேர்ந்தான் விக்னேஸ்வரன். முதலாளியின் மச்சினன், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவன். விறகடுப்புப் புகையில் பால் கிண்டுகிற ஆட்களுக்காக அவனுக்கும் இந்த மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. அத்தானுக்கு ஒத்துவராவிட்டால் அதே சாமானைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்பது கணக்கு. யார் போன் பண்ணிச் சொன்னார்களோ, லோடு ஆட்டோவோடும் கயிற்றோடும் வந்துவிட்டான்.

“என்ன அத்தான், மெஸ்ஸு ஆகாசத்துக்குக் கெளம்பிருச்சு போல?” என்றான் வாசலிலிருந்தே.

பாண்டிதுரைக்கு மானம் போயிற்று. “மத்தியானச் சாப்பாட்டுக்கு எல போடுததுக்குள்ள இது ஒழுங்கா நடக்கணும். நடக்கலேன்னா நீயே கழட்டிக் கொண்டு போயிரு மாப்ள. நான் ஓட்டைய அடச்சுட்டுப் பழைய மாதிரி ஒரு ஃபேனப் போட்டுக்கிடுதேன்.”

பழைய மாதிரி! குருவம்மாளுக்கு நேற்றுத்தான் மூச்சு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. இனி மறுபடியும் கண் எரிச்சலும், விடிய விடிய இருமலும், பெருங்காயம் தெரியாத நாக்குமா? “மொதலாளி, அது புதுசு, செத்த பொறுத்துப் பாருங்க. புதுப் பொண்ணுன்னா மொத நாளு மிரளத்தான் செய்யும்” என்று கெஞ்சினாள்.

“புதுப் பொண்ணு மிரண்டா மூலைல உக்காரும்க்கா. எந்துண்டப் பிடுங்கித் திங்காது” என்றான் முத்துப்பாண்டி, தலையெல்லாம் மைதாவோடு.

போன் பறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஷாநவாஸ் பைக்கில் வந்தான். அடுப்புகளையெல்லாம் அணைக்கச் சொல்லி, சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து, உள்ளே ஒளிரும் எழுத்துகளைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

“அடுப்பே எரியல. ஆனா பொகை ரொம்பி வழியுதுன்னுல்ல இது சொல்லுது!”

“அப்ப பொய் சொல்லுத மிசினா பாய் நீ வித்தது?” என்றார் முதலாளி.

“பொய்யில்லண்ணே. சிம்னிக்குள்ள இந்தப் பக்கம் ஒரு குமிழு வெளிச்சத்த விடும், அந்தப் பக்கக் குமிழு அத வாங்கும். நடுவுல பொகை வந்தா வெளிச்சம் மங்கும். மங்க மங்க ஃபேன் வேகம் எடுக்கும். எதோ ஒண்ணு வெளிச்சத்த மறைக்குது.”

“மைதா!” என்றான் விக்னேஸ்வரன். எல்லோரும் முத்துப்பாண்டியைப் பார்த்தார்கள்.

“ஏன், பரோட்டாவுல வந்து நிக்கிறீய? நேத்தும் நாந்தான் மாவு பெசஞ்சேன், நேத்து ஓடலியா? வேணும்னா எங்கையக் கட்டிப் போடுங்க, பரோட்டாவ நீங்களே வீசிக்கிடுங்க!”

ஷாநவாஸ் வயரையெல்லாம் இழுத்துப் பார்த்தான். சூடு பார்க்கிற கம்பியைத் துடைத்தான். பெட்டியை அணைத்துப் போட்டான். “ங்ஙொய்ய்” குறையவில்லை. வாசலில் விக்னேஸ்வரன் கயிற்றைப் பிரித்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்த குருவம்மாள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, நான் வேணா ஸ்டூல்ல ஏறி இன்னொரு பொட்டு வச்சுப் பாக்கட்டா? ஆண்டாள நெனச்சு?”

ஷாநவாஸ் திருப்புளியோடு அப்படியே திரும்பினான்.

“இன்னொரு பொட்டா? அப்ப மொதப் பொட்டு எங்கக்கா வச்சீய?”

“பெட்டிக்கு ஒண்ணு, கூட்டுக்கு ஒண்ணு. உள்ள ரெண்டு பக்கமும் அழகா கண்ணாடிக் குண்டு மாதிரி மின்னிக்கிட்டிருந்துச்சே, அதுக்கு ஆளுக்கொண்ணு. பாத்தவுடனே அதான் சாமான்லயே முக்கியம்னு தெரிஞ்சுச்சு. அதனால அதுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமா...”

ஷாநவாஸ் ஏறினான். சிம்னிக்குள் தலையை விட்டவன் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. குமிழ் இரண்டிலும் சந்தனம் தோசைமாவு கனத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தான். ஃபேன் பெருமூச்சு விட்டபடி அடங்கி, நின்றது. வலையில் ஒட்டியிருந்த அப்பளங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியாக முத்துப்பாண்டியின் துண்டு அவன் தலையிலேயே விழுந்தது.

முதலாளியால் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. மீசை மட்டும் ஆடியது.

“இனிமே பொட்ட வெளிய கூட்டுல எங்க வேணும்னாலும் வைங்கக்கா, முழுசா மெழுகிக்கூட விடுங்க. உள்ள மட்டும் வேண்டாம்” என்றான் ஷாநவாஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விக்னேஸ்வரன் கயிற்றை விடவில்லை. “பொட்டுக்கு ஓடுச்சு, சரி. பொகைக்கு ஓடுமா? அத்தான், அடுப்படி ஃபேனுக்கு நெசமான சோதனை என்ன தெரியுமா? மொளகா வத்தல வறுங்க. உள்ள நிக்கிறதுல ஒருத்தன் தும்மிட்டாலும் சாமான் எனக்கு.”

“சரி மாப்ள” என்றார் பாண்டிதுரை. பட்டாளத்துக்காரர் ரோஷம். உடனே எல்லோரையும் அடுப்பைச் சுற்றி அணிவகுத்து நிறுத்தினார். “கையப் பின்னால கட்டு! மூக்க எவனும் மூடப்பிடாது! முத்துப்பாண்டி, துண்ட எறக்குலே!”

குருவம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். சிம்னிக்குள் ஃபேன் பூனை நடையாகச் சுற்ற ஆரம்பித்தது. எண்ணெய் காய்ந்தது. கை நிறைய வத்தலை அள்ளி, வேண்டாத தெய்வமில்லாமல் வேண்டிக்கொண்டு போட்டாள். வத்தல் சிவந்து, கறுத்தது. காட்டமான புகை குப்பென்று கிளம்பி நேராக அவள் முகத்துக்கு வந்தது. ஃபேன் இன்னும் பூனை நடையிலேயே இருந்தது. அவள் மூக்குக்குள் ஒரு எறும்பு ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு, எந்தும்மல்லதான் போகப்போகுது என்று நினைத்த நொடியில், மேலே “ங்ஙொய்ய்” என்று எடுத்தது. முகத்துக்கு நேரே வந்த புகை, யாரோ முடியைப் பிடித்துத் தூக்கிய மாதிரி வளைந்து மேலே போனது. எறும்பும் இறங்கிப் போனது.

எல்லோரும் முத்துப்பாண்டியையே பார்த்தார்கள். அவன் முகம் கோணிக்கொண்டு போனது. கண் சுருங்கியது, வாய் அகன்றது, தலை பின்னால் சாய்ந்தது. விக்னேஸ்வரன் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். முத்துப்பாண்டி ஆவென்று ஒரு கொட்டாவி விட்டு, “காலைலேருந்து ஒரு டீ இல்ல மொதலாளி” என்றான்.

“ஹ்ஹ்ஹாச்!”

“தும்மல்! கேட்டீயளா அத்தான்! தும்மல்!” என்று விக்னேஸ்வரன் குதித்தான்.

“யாருலே தும்முனது?” என்றார் முதலாளி. ஒருத்தரும் இல்லை. வரிசையில் எல்லா மூக்கும் காய்ந்து கிடந்தது.

“ஹாச்! ஹாச்! ஏ அண்ணாச்சி... ஹாச்!”

சத்தம் சந்துக்குள்ளிருந்து வந்தது. பாண்டிதுரை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். குழாயின் வாய்க்கு நேர் கீழே லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத் தும்மிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர், அவருக்கு அந்தப்பக்கம் பூக்கட்டுகிற அம்மா, எல்லோரும் முறை வைத்துத் தும்மினார்கள். குப்பையை மேய்ந்துகொண்டிருந்த ஆடுகூடத் தலையை உதறித் தும்மியது.

பாண்டிதுரை திரும்பி, இடுப்பில் கை வைத்து நின்றார்.

“உள்ள நிக்கிறதுல ஒருத்தன் தும்மல. வெளிய நிக்கிறதுல ஒருத்தன் தும்மாம இல்ல. பொகை எந்தப் பக்கம் போச்சுன்னு இனி எவன் வந்து சொல்லணும் மாப்ள? சாமான் இங்கதான் இருக்கும்.”

“அது எப்படி? ஆட்டோ நான் கொண்டுவந்தது, தும்முனது எங்காளு...” என்று சொல்லிக்கொண்டே விக்னேஸ்வரன் சாட்சி கொண்டுவரச் சந்துக்குள் ஓடினான். போன வேகத்தில் “ஹாச்!” என்று அவன் குரலும் கேட்டது. கண்ணில் நீர் வழிந்த ஓட்டுநர் அவனை ஏற்றிக்கொள்ளாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கயிறு மட்டும் தரையில் கிடந்தது.

“குழாய் வாயை மேல திருப்பி உசத்திக் கட்டணும்ணே. சாயங்காலத்துக்குள்ள பண்ணிருவேன்” என்றான் ஷாநவாஸ்.

“பண்ணு பாய். அது வரைக்கும் வத்தல் கெடையாது” என்றார் முதலாளி.

சந்திலிருந்து விக்னேஸ்வரன் கண்ணும் மூக்கும் சிவந்து, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். “பாய்... ஹாச்... எங்கடைக்கு இதே மாதிரி ஒண்ணு மாட்ட எப்ப வாரீய?” என்றான்.

குருவம்மாள் அடுப்பை அணைத்தாள். ஒரு வாளி மோரில் உப்பைப் போட்டுக் கலக்கி, தம்ளர்களை அடுக்கிக்கொண்டு சந்துக்குப் போனாள். பஞ்சர்க்காரருக்கு ஒன்று, பூக்கார அம்மாவுக்கு ஒன்று, விக்னேஸ்வரனுக்கு இரண்டு. “குடிங்க, குடிங்க, நாங்கல்லாம் இத்தன வருசமா உள்ள நின்னு குடிச்சது இந்தப் பொகையத்தான்” என்று சொல்ல வந்தாள். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. தம்ளரிலிருந்த மோர் பாதி சேலையிலும் பாதி ஆட்டின் தலையிலும் சிந்தியது. ஆடு அதை நக்கிக்கொண்டு இன்னும் வேண்டும் என்று அவள் பின்னாலேயே வந்தது.