குடத்துக்குள் குழவிக்கல்

இருளப்பசாமி கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். சாமியை நம்பாதவர்களுக்காக, ஜெபக்குமார் வாத்தியார் வீட்டு வேதப்புத்தகத்தின் மேலும் கை வைத்தாயிற்று. இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

நடந்தது எண்பத்தெட்டாம் வருஷப் பொங்கலில். எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், மழை வழி தெரியாமல் திரும்பிப் போய்விடுகிற இடத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒரே அடிகுழாய். அதில் விடியற்காலை அடிக்கிற முதல் குடம் இளநீர். போகப்போக உப்புக் கரிக்கும். கடைசிக் குடத்தில் குழம்பு வைத்தால் உப்புப் போட வேண்டியதில்லை. இரண்டு கருவாடும் சேர்ந்து வரும் என்பார்கள். நான் ஒன்றுதான் பார்த்தேன்.

அதனால் குழாயடியில் யார் முன்னால் நிற்பது என்று தினமும் குடுமிபிடிச் சண்டை. அதைத் தீர்க்கத்தான் பெண்கள் குட ஓட்டம் வந்தது. பொங்கலுக்கு மறுநாள் வீட்டுக்கு ஒருத்தி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையிலிருந்து குழாய் வரை ஓட வேண்டும். வந்து சேர்ந்த வரிசைதான் வருஷம் முழுக்கத் தண்ணீர் பிடிக்கிற வரிசை. ஓடாதவளுக்கு வரிசையில் இடம் கிடையாது. எல்லோரும் போனபின் குழாய் என்ன தருகிறதோ அது. முதல் குடம் எப்போதும் மூக்கம்மாளுக்குத்தான். அவள் ஓடினால் பின்னால் வருகிற காற்றுக்கு மூச்சு வாங்கும்.

அந்த வருஷம் தங்கலட்சுமி தானும் ஓடுவதாகச் சொன்னாள். பால்பாண்டி என்று பேர் வைத்து வளர்த்த பிள்ளை. பம்பாய்க்குப் போய், சேலை கட்டித் தங்கலட்சுமியாகத் திரும்பி வந்து, பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டிருந்தாள். வரிசையில் இடமில்லாததால் அவளுக்குக் கடைசித் தண்ணீர்தான். பால் ஊற்றினால் திரிந்துவிடும். டீ கேட்டவர்களுக்கு மோர் கிடைத்தது. கடை அடுத்த பொங்கல் வரை தாங்காது.

மூக்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆம்பளையாய் வளர்ந்த காலோடு எங்களை ஓடச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டாள். கேட்பது சரிதான் என்று பாதி ஊர் தலையாட்டியது. ஆண்கள் பக்கம் போய் இளவட்டக்கல்லைத் தூக்கட்டும் என்றார் மருதுபாண்டி.

"கல்லத் தூக்குனா பொண்ணுல்ல மாமா குடுப்பீக," என்றாள் தங்கலட்சுமி. "பொண்ண வச்சு நான் என்ன செய்ய? எனக்குத் தண்ணியில்ல வேணும்."

மூன்று பெண்களைப் பெற்ற மருதுபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டார். அவள் மூக்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"செயிக்க வரலக்கா. கடைசியா வந்தாலும் கடைசின்னு ஒரு எடம் இருக்கும்ல. எனக்கு அதுவும் இல்லையே."

ஜெபக்குமார் அருப்புக்கோட்டையில் டிரில் வாத்தியார். விசில் அவரிடம் இருந்ததால் தீர்ப்பும் அவரிடம். தங்கலட்சுமி ஓடலாம், கால் பலத்துக்கு ஈடாக அவள் குடத்துக்குள் ஓர் அம்மிக்குழவியைப் போட்டுவிடலாம் என்றார். எல்லோருக்கும் திருப்தி. ஓட வந்திருந்த ஞானப்பூ மட்டும், மூக்கம்மாளின் நெட்டைக் காலுக்கும் ஒரு குழவி உண்டா என்று கேட்டாள். வாத்தியார் நியாயஸ்தர், போடச் சொன்னார். உடனே மூக்கம்மாள், ஞானப்பூ வீட்டில் இரண்டு எருமை கறக்கிறதே, அந்தப் பாலுக்கு என்ன என்றாள். அதற்கும் ஒரு கல். விறகு சுமந்து இடுப்பு உரமேறிய ஜக்கம்மாளுக்கு ஆட்டுரல் குழவி. உச்சிப்பொழுதுக்குள் ஊரில் ஒரு வீட்டிலும் சட்னி அரைக்கக் கல் இல்லை. கல் தீர்ந்ததும் ரோட்டோர மைல்கல்லைப் பிடுங்கி வந்தார்கள். அன்றையிலிருந்து திருச்சுழி எவ்வளவு தூரம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

வாத்தியார் விசில் ஊதினார். ஒருத்தியாலும் குடத்தைத் தூக்க முடியவில்லை. காக்கை ஒன்று வந்து, கல் பொறுக்கிப் போடுகிற வேலை மிச்சம் என்று ஞானப்பூ குடத்தில் குடித்துவிட்டுப் போனது.

"இப்பத்தான் எல்லாரும் சமம்," என்றார் வாத்தியார், மனம் குளிர்ந்து.

மூக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் கைவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தங்கலட்சுமி மட்டும் வேர்த்து வழிய, இன்னும் குடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் தன் குடத்துக்குள் கையை விட்டுக் குழவியை எடுத்துக் கண்மாய்க்குள் எறிந்தாள்.

"ஏ தங்கலச்சுமி, நீயும் எடுத்து எறி. ஓடிப் பாத்துக்கிருவோம். நீ செயிச்சா வருசம் பூராம் வைவேன், அது வேற."

எல்லோரும் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். மூக்கம்மாள்தான் முதலில் வந்தாள். ஆனால் முதல்முறையாக அவளுக்கும் மூச்சு வாங்கியது. தங்கலட்சுமி ஐந்தாவது. யார் செயித்தது என்று அவள் கேட்கவில்லை.

"எனக்குப் பின்னால யாரு?" என்றாள்.

ஜக்கம்மாள். போன வருஷம் ஐந்தாவதாக நின்றவள், இனி ஆறு. ஒரு குடம் உப்பு கூடப்போகிறதே என்று அவள் மூக்கம்மாளிடமே முறையிட்டாள். அடுத்த வருஷம் வெரசாக ஓடு என்று சொல்லிவிட்டு, மூக்கம்மாள் மறுநாளிலிருந்து ஆடு தேடுவதாகக் கண்மாய்க் கரையில் ஓடிப் பழகினாள். அவள் வீட்டில் ஆடே கிடையாது.

மறுநாள் காலை தங்கலட்சுமி கடையில் டீ கேட்டேன். டீயே வந்தது.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊருக்கு அடிகுழாய் போட்டதே தொண்ணூற்று மூன்றாம் வருஷம்தான்.