மனைவிக்கு ஷூ வாங்கித் தராதவர்

மனைவிக்கு ஷூ பரிசளித்தால் அதைப் போட்டுக்கொண்டே ஓடிப்போய்விடுவாள் என்ற பேச்சு சியோலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். யாரும் அதைப் பெரிதாக நம்புவதில்லை. தொக்சுவும் நம்பவில்லை. ஆனால் சாக்கு தேடுகிற ஆளுக்கு அது வசதியாகப் போயிற்று.

கடற்பாசித் தாளில் சோறு சுருட்டி விற்கும் கிம்பாப் கடையில் பகல் வேலை பார்த்த அவர் மனைவி ஒக்ரான், ஐம்பத்து நாலு வயதில் ஆற்றங்கரையில் ஓட ஆரம்பித்திருந்தாள். அடுக்குமாடிப் பெண்கள் சேர்ந்து அமைத்த ஓட்டக் குழு அது. முதலில் மூச்சிரைக்க நடந்தவள், கோடைக்குள் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம்வரை நிற்காமல் ஓடினாள். இலையுதிர் காலத்தில் சுன்சொன் நகரில் ஏரியைச் சுற்றி நடக்கும் மாரத்தானுக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். தொக்சு வேலை முடிந்து வரும்போது மேஜையில் சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கும். ஆள் இருக்க மாட்டாள். அது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்னாவது?

பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் அவள் அவரை ஷூ கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் அவளுடைய பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“அக்கா, ஓடுறப்ப உங்க பாதம் உள்பக்கமா சாயுது. இதோட அவ்வளவு தூரம் ஓடினா முழங்கால் தாங்காது. இதப் போட்டுப் பாருங்க. அடியில மெத்துன்னு இருக்கும், பாதத்த சாய விடாது. நேரா கால் வைக்கிறவங்களுக்கும் ஒத்துவரும், அண்ணனே போட்டுக்கலாம்.”

“எனக்கெதுக்கு? துரத்திட்டு ஓடவா?” என்றார் தொக்சு.

ஒக்ரான் போட்டுப் பார்த்தாள். கழற்ற மனமில்லாமல் நின்றாள். “பொறந்தநாளைக்கு இதையே வாங்கித் தாங்களேன்.”

“ஷூவா? வாங்கித் தந்தா ஓடிப்போயிருவே. அப்புறம் எனக்கு யாரு சோறு போடுவா?”

கடைக்காரர் சிரித்தார். ஒக்ரானும் சிரித்துக்கொண்டே கழற்றி வைத்தாள். பிறந்தநாளுக்குக் கம்பளிச் சால்வை வந்தது. நல்ல சால்வைதான், குறை சொல்ல முடியாது.

சுன்சொனில் தொக்சு முடிவுக் கோட்டருகே கால் கடுக்கக் காத்து நின்றார். குழுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒக்ரான் வரவில்லை. கடைசியில், பாதியில் நின்றவர்களை ஏற்றி வரும் பேருந்திலிருந்து, கம்பியைப் பிடித்தபடி ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினாள். காலில் அதே பழைய ஷூ.

“ரொம்ப நேரம் நிக்க வெச்சிட்டேனா?” என்று கேட்டாள்.

அவருக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நடக்கலாம், ஓடுவதை மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது தினமும் சாயந்திரம் ஒக்ரான் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு சூடாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்து பரிமாறுகிறாள். எது வேண்டும் என்று மனசுக்குள் பொருமினாரோ அது அப்படியே கிடைத்துவிட்டது. ஒரு வாய் இறங்கவில்லை மனிதருக்கு.

ஒரு சனிக்கிழமை தனியாகப் போய் அந்த ஷூவை வாங்கி வந்தார். வாசலில் குந்தி, அவள் காலில் மாட்டி, நாடாவையும் அவரே கட்டினார். அவள் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் மின்தூக்கிவரை போய்த் திரும்பினாள்.

“நல்லாத் தாங்குது.”

தொக்சு எழுந்திருக்கவில்லை. “ஷூ மேல எனக்கு என்ன பயம், ஒக்ரான். நீ சாயந்திரத்துல வீட்ல இல்லாதது பிடிக்கல. அதான் வாங்கித் தரல.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே? கிம்பாப் கடைச் சம்பளம் உன் கையிலதானே இருந்துச்சு. நீயே வாங்கியிருக்கலாமே.”

“வாங்கியிருக்கலாம்.” அவள் சுவரில் கை ஊன்றி நின்றாள். “சரி, போயிட்டு வான்னு நீங்க ஒரு வாட்டி சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னிக்கு சுன்சொன் போக பஸ் ஏறுற வரைக்கும் பாத்தேன்.”