கழற்றாமல் விட்ட ஹிட்ச்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை நெஞ்சில் பிறக்குமாம். எனக்கு இது முழங்காலுக்குக் கீழே, எலும்பில் பிறந்தது. அக்கா வீட்டு வாசலில் நின்ற காரைச் சுற்றிக்கொண்டு போனவன் ஹிட்ச்சில் இடித்துக்கொண்டேன். டிரெய்லரை மாட்டி இழுப்பதற்காகக் காரின் பின்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்பு அது. நுனியில் ஓர் உருண்டை. டிரெய்லர் இழுக்காத நாளில் அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அத்தான். கழற்றாமல் விட்டவரும் அவர்தான்.

2

முதல் வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

இரும்பு துருப்பிடிப்பதைப் போலவே மனிதனும் (வேண்டாம். எழுதிய கையாலேயே அடித்துவிட்டேன். யார் கண்ணிலும் படவில்லை என்று வைத்துக்கொள்வோம்.)

அந்தக் கார் பதினோரு மாதமாக எதையும் இழுக்கவில்லை, ஆனால் (ஆனாலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவது அத்தானின் தொழில். பதினோரு மாதத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவானின் மூன்று கதவு பீரோ அவர் முதுகைப் பதம் பார்த்தது. ஆபரேஷன் நடந்தது. இனி கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். எப்போது தூக்கலாம் என்று கேட்டதற்குப் "பார்க்கலாம்" என்றார். டாக்டர் பார்க்கலாம் என்றால் பார்க்க ஒன்றுமில்லை என்பது அக்காவின் அகராதி. அத்தானின் அகராதியில் அதற்கு அடுத்த வாரம் என்று பொருள்.

3

இந்த இடத்தில் பாத்திரப் படைப்பு உதைக்கிறது.

வேலை முடிந்து வரும் ஒவ்வொரு நாளும் ஹிட்ச்சைக் கழற்றித் துடைத்து, உருண்டைக்குக் கிரீஸ் தடவி, பழைய துணியில் சுற்றி வைத்த மனிதர் இவர். ஹிட்ச் நழுவாமல் குறுக்கே செருகும் கம்பியும் அதன் கிளிப்பும் ஒரே பைக்குள் போக வேண்டும். பிரித்து வைத்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. கார் அடியில் ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாயின் வாயைக்கூட மூடி போட்டு அடைப்பார். பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு பக்குவம் பார்ப்பார்களா தெரியாது. இப்படிப்பட்டவர் பதினோரு மாதம் மழையிலும் வெயிலிலும் அதை அப்படியே விட்டார் என்றால் யார் நம்புவது? என் பத்திரிகை ஆசிரியர் நம்பவில்லை. "ஆளைச் சோம்பேறியா மாத்திடுங்க, பொருந்தும்" என்று யோசனை சொன்னார். அவர் பெரிய ஆள், எதையும் மாற்றுவார்.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: காரணம் எனக்குத் தெரியும். வேலை முடிந்தால்தான் ஹிட்ச்சைக் கழற்றுவார்கள். அத்தானுக்கு வேலை இன்னும் முடியவில்லை. வேறு யாரையும் அதைத் தொடவும் விடவில்லை.)

4

போன சனிக்கிழமை அக்கா அதில் இடித்து விழுந்தாள். உள்ளங்கையில் நாலு தையல். மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்தாள்: அத்தான் மண்டிபோட்டுக்கொண்டு சுத்தியலால் ஹிட்ச்சை அடிக்கிறாராம், துரு பிடித்து இறுகிவிட்டதாம், சொன்னால் கேட்கவில்லையாம், உடனே வா.

போனேன். நோட்டுப் புத்தகத்தோடு போனேன். (திட்டுங்கள், பரவாயில்லை.)

அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் பல்லைக் கடித்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து "பல்லைக் கடித்தார்" என்று எழுதினேன். கட்டுப் போட்ட கையால் அக்கா நோட்டைப் பிடுங்கினாள். "எழுதிக் கிழிச்சது போதும். சுத்தியலைப் பிடி."

பிடித்தேன். எண்ணெய் விடு, பொறு, தட்டு, மறுபடி பொறு என்று அத்தான் சொல்லச் சொல்லச் செய்தேன். ஒரு மணி நேரம் கழித்து அது கையோடு வந்தது, ஒரு பிடி துருவையும் சேர்த்துக்கொண்டு. அத்தான் அதைப் பார்க்கவேயில்லை. அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடு மச்சான்," என்றார்.

எனக்குள் இருந்த எழுத்தாளன் துள்ளினான். இதைவிட நல்ல முடிவு எவனுக்குக் கிடைக்கும்? நோட்டுதான் அக்காவிடம் இருந்தது.

அக்கா உள்ளே போனாள். ஸ்டோர் ரூம் அலமாரியில் நடுத்தட்டு அவளுடையது; தையல் சாமான்களும் துணிகளும் இருக்கும். எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் அள்ளிக் கீழ்த்தட்டில் திணித்தாள். நான் ஹிட்ச்சைத் தரையோரமாக வைக்கக் குனிந்தேன்.

"அங்க இல்லடா. கீழ வெச்சா எடுக்கறப்போ அவர் குனியணும். இந்தத் தட்டுல வை."

அத்தான் கதவருகில் நின்றார். துடைக்காமல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிரீஸ் டப்பாவைத் தேடப் போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்றுதான் எழுத வேண்டும்.

5

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவு: அடுத்த மாதப் பரிசோதனையில் டாக்டர் தலையாட்டுகிறார். கொல்லைப்புற டிரெய்லரின் தார்ப்பாயை அத்தான் உருவுகிறார். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

இரண்டாவது: அந்தத் தட்டில் ஹிட்ச் வருடக்கணக்காக (பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.)

நேற்று அக்கா நோட்டைத் திருப்பித் தந்தாள். படித்திருக்கிறாள். தன்னைப் பற்றி எழுதியிருந்ததை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுல அவர் மறுபடி இழுக்கறாரா, இல்லையா?"

"கதைதானேக்கா. எப்படி வேணும்னாலும் எழுதலாம்."

"அப்போ எழுதேன்," என்றாள்.

இத்தனை வருடமும் தெரியாததையெல்லாம் தெரிந்தவன் போல எழுதியே பிழைத்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்குக் கை வரவில்லை. அதனால் கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: என்ன எழுதினாலும் அவள் அதை நம்பிவிடுவாள்.