அவசரமில்ல, மெதுவாக் கட்டுங்க

"படிக்க அனுப்பினா, போன்ல வாற பகிடிப் படத்தையா புள்ள படிக்கிறாய்?" எண்டு எங்கட உம்மா கேட்டா. ஓம் எண்டன். சண்டை பிடிக்க நேரமில்ல. கம்பஸ்ல கடைசி வருஷம், ஆய்வுக்குத் தலைப்புக் குடுத்தாச்சு. கல்முனையிலிரிந்து பொத்துவில் வரைக்கும் எல்லாருட போன்லயும் சுத்துற ஒரு மீமை விமர்சனக் கோட்பாட்டால வாசிக்கிறதுதான் என்ட ஆய்வு. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், எனக்கென்ன.

அந்த மீம்ல அரைவாசி கட்டின வீடு ஒண்டு இரிக்கி. கூரையில்ல, ஜன்னலுக்கு மேல வாற லிண்டல் மட்டத்துல கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிது. அதுக்கு முன்னால ஒரு ஆம்பிளை பிளாஸ்டிக் கதிரையில காலை நீட்டிக்கிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இரிக்காரு. மேல எழுத்து: "அவசரமில்ல, மெதுவாக் கட்டுங்க." எங்கட ஊர்கள்ல பொண்ணுக்கு வீடு கட்டிக் குடுத்தாத்தான் கலியாணம், மாப்பிள்ளை அந்த வீட்டுலதான் வந்து குடியிரிப்பாரு. அதால படத்தைக் கண்ட உடனே எல்லாருக்கும் விளங்கிச்சு. வாய் அவசரமில்ல எண்டுது, ஆள் வாசல்லயே காவலிரிக்காரு. மறுகா அதை எல்லாத்துக்கும் போடத் தொடங்கிட்டாங்க. ரோட்டைத் தோண்டி மூடாமக் கிடந்தா அந்தப் படம், கரண்ட் போனா அந்தப் படம், றிசல்ட் பிந்தினா அதுவும் அந்தப் படம். கை மாறி மாறிக் கடைசியில அது மங்கின கறுப்பு வெள்ளையாத்தான் எனக்கு வந்து சேர்ந்திச்சு.

எனக்கு அந்த முதுகைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். ஏனெண்டா எங்கட வாப்பாவும் எனக்கு வீடு கட்டிக்கொண்டுதான் இரிந்தாரு. வாப்பா அபுல் ஹஸனுக்குச் சந்தையில சின்ன அரிசிக் கடை. நாவிதன்வெளியில இரிந்த வயல்ல பாதியை வித்துத்தான் அத்திவாரம் போட்டது. றிஸ்கானுக்கும் எனக்கும் நிச்சயம் பண்ணின நாளிலயிரிந்து அவரு நிம்மதியா நித்திரை கொண்டதை நான் காணல்ல. றிஸ்கான் சம்மாந்துறையில ஒரு அரிசி ஆலையில கணக்குப் பார்க்கிறவரு. பெருநாளைக்குப் போன்ல சலாம் சொன்னதை விட்டா அவரோட நான் கதைச்சதில்ல. நிக்காஹ்வுக்கு முந்திக் கதைக்கிறது எங்கட வீட்டுல வழக்கமில்ல. தங்கமான மனிசன் எண்டாங்க. எல்லா மாப்பிள்ளையையும் அப்படித்தான் சொல்லுவாங்க.

அந்தக் கோபத்தையெல்லாம் கொண்டுபோய் ஆய்வுல கொட்டினன். முதுகு எண்டது முகமில்லாத அதிகாரம் எண்டு எழுதினன். கதிரை எண்டது உழைக்காம இரிக்கிறதுக்குச் சமூகம் குடுத்த உரிமை. அந்த ஆள் போட்டிரிந்த கட்டம் போட்ட சேட், அந்தச் சட்டையைக்கூட விடல்ல, அது நடுத்தர வர்க்கத்துட போலி அடக்கம் எண்டு ஒரு முழுப் பந்தி. இரிக்கிறவன் யாரு, எடுத்தவன் யாரு எண்டு தேடத் தேவல்ல, படம் வெளிய வந்த பொறகு அது வாசிக்கிறவங்கட சொத்து எண்டும் போட்டன். அந்த இடத்துல எனக்கே கொஞ்சம் பெருமை.

ஆய்வை எல்லாருக்கும் முன்னால வாசிக்கிற நாள் வந்திச்சு. என்ட ஆய்வுக்குப் பொறுப்பான பஸ்லியா மேடம் முன் வரிசையில. என்ட கூட்டாளி மேனுஜா, பாண்டிருப்புக்காரி, கொம்பியூட்டருக்குப் பக்கத்துல இரிந்து படங்களை மாத்திக்கொண்டிரிந்தா. எனக்கு உதவி செய்றன் எண்டு எங்கெங்கயோ தேடி, அந்த மீம் முதல் முதல் வந்த நேரத்துப் படத்தை எடுத்து வெச்சிரிந்தாளாம். நான் கதிரையை வெளுத்து வாங்கிக்கொண்டிரிக்கக்குள்ள அதைச் சுவர் முழுக்கப் பெரிசாப் போட்டுட்டா. நல்ல கலர்.

படத்துட மூலையில ஒரு நீலத் தண்ணிப் பரல் நிண்டிச்சு. வீடு கட்டுற இடத்துல களவு போகாம இரிக்க எங்கட ஆக்கள் பரல்ல பெயின்ட்டால பேர் எழுதி வைப்பாங்க. அதுல சிவப்பால எழுதியிரிந்த பேர் அபுல் ஹஸன். எங்கட வாப்பாட கையெழுத்து.

அது என்ட வீடு. சொந்த வீட்டையே தெரியல்லையா எண்டு கேக்காதீங்க. நான் இரிக்கிறது ஹொஸ்டல்ல. லீவுக்கு வந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் வந்து போற இடத்துக்குக் கலியாணப் பொண்ணு போகப்படாது எண்டு உம்மா விடமாட்டா. அத்திவாரத்துக்கு மேல நான் ஒண்டையும் காணல்ல. லிண்டல் மட்டத்துல எங்கட ஊர் வீடெல்லாம் ஒரே மாதிரித்தான் இரிக்கும்.

மறுகா சேட்டைப் பார்த்தன். பச்சைக் கட்டம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாப்பிள்ளைக்கு உடுப்பு அனுப்பணுமெண்டு உம்மாவும் நானும் போய், கடைக்காரனோட மல்லுக்கட்டி எடுத்த சேட். போலி அடக்கமாம். தெரிஞ்செடுத்தது நான்.

"படத்துல இரிக்கிறவரைத் தேடிக் கதைச்சுப் பார்க்க நினைக்கல்லையா றுமைஸா?" எண்டு பஸ்லியா மேடம் கேட்டா.

"தேவல்ல மேடம்," எண்டன். மிச்சத்தை எப்படி வாசிச்சு முடிச்சன் எண்டு தெரியா.

பஸ்ல வரக்குள்ள மேனுஜாட்டச் சொன்னன். "அந்த முதுகுதான் என்னைக் கட்டப் போறவர்."

அவ "அப்ப கட்டுவியா?" எண்டா.

"அப்படியான ஆளெண்டா மாட்டன். வாப்பா வயலை வித்ததும் போதாதெண்டு வாசல்ல கதிரை போட்டுக் காவலும் இரிப்பாராமா. இண்டைக்கே முகத்துக்கு நேர கேக்கப் போறன்."

"நானும் வாறன். தனியப் போனியெண்டா ஊர் வாயை மூட ஏலாது," எண்டா. நான் சொன்னதென்னமோ வீறாப்பாத்தான், ஆனா உள்ளுக்குப் பயம். நிச்சயம் பண்ணின கலியாணத்தை நிப்பாட்டினா வாப்பா தாங்கமாட்டாரு. நிப்பாட்டாட்டி நான் தாங்கமாட்டன்.

அஸர் தொழுகை முடிஞ்ச நேரம் வீடு கட்டுற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தம். கதிரை அங்கதான் கிடந்திச்சு, ஆளில்ல. சுவருக்கு அங்கால தண்ணிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தன். றிஸ்கான் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, ஹோஸைப் பிடிச்சு லிண்டலுக்குத் தண்ணி அடிச்சுக்கொண்டு நிண்டாரு. கொங்கிறீட்டுக்கு மேல நனைஞ்ச சாக்கு. அவருட கால் முழுக்கச் சீமெந்துச் சேறு.

"நீங்க இஞ்ச என்ன செய்றீங்க?" எண்டு கேட்டன். சலாம் சொல்லவும் மறந்து போச்சு.

ஹோஸ் அவருட கையிலிரிந்து விழுந்திட்டு. "தண்ணி ஊத்துறன்," எண்டாரு. "புதுக் கொங்கிறீட் காயப்படாது, காய்ஞ்சா வெடிச்சிரும். மேசன்மார் வேலை முடிஞ்சு போயிருவாங்க. மாமாக்கு நாரி நோவு, இடுப்பை வளைச்சுத் தண்ணி ஊத்திக்கொண்டு நிக்க ஏலாது."

"எப்ப தொட்டு?"

"அத்திவாரம் போட்டதிலயிரிந்து. ஆலையால வந்ததும் இஞ்சதான் வாற."

போனை எடுத்து மீமைக் காட்டினன். அவருட முகம் சிவந்திட்டு.

"இது என்ட கூட்டாளி அஸ்கிட வேலை. மாமா ஒருநாள், மிச்ச வயலையும் வித்துச் சுறுக்கா முடிக்கப் போறன் எண்டாரு. அவசரமில்ல மாமா, மெதுவாக் கட்டுங்க, வயலைத் தொடாதீங்க எண்டு நான் சொன்ன. அஸ்கி பின்னால நிண்டு படமெடுத்து, நான் சொன்னதையே எழுதிட்டான். சுவருக்குத் தண்ணி அடிச்சுக்கொண்டுதான் நான் இரிந்த. ஹோஸ் இரிந்த பக்கத்தை வெட்டிட்டுப் போடச் சொன்னது நான்தான்."

"ஏன் வெட்டச் சொன்ன?"

"எங்கட உம்மா கண்டா என்ன நடக்கும்? நிக்காஹ்வுக்கு முந்தியே மகன் பொண்ணு வீட்டுக்குக் கூலி வேலை செய்றான் எண்டு ஊர் சிரிக்கும், அவ தலை நிமிரமாட்டா. இப்ப வீட்டுக்கு அலையிறவன் எண்டு சிரிக்காங்க. அது அவக்கு வெட்கமில்ல."

எனக்கு அழுகை வந்திட்டு. கவலையில்ல, மனசு ஆறின அழுகை. அல்ஹம்துலில்லாஹ், இந்த மனிசனைத்தான் கட்டப் போறன் எண்டு நினைச்சன். இந்தக் கரை முழுக்க அந்த எழுத்தை முரண்நகை எண்டு சிரிச்சம், நான் கோட்பாடு வேற போட்டு விளக்கினன். அவரு மனசுல இரிந்ததை இரிந்தபடிதான் சொல்லியிரிக்காரு. எங்கட ஊரைப் பத்தி நான் எழுதினதுல பிழையில்ல. வீடு கேக்கிற மாப்பிள்ளை வெட்கப்படாம இரிக்கலாம், தண்ணி ஊத்துற மாப்பிள்ளைதான் ஒளிய வேண்டிக் கிடக்கு. இந்த முதுகைப் பத்தி எழுதினதுதான் பிழை.

"உங்களைப் பத்தி ஒரு ஆய்வே எழுதியிரிக்கன்," எண்டன் மூக்கைத் துடைச்சுக்கொண்டு.

"என்னெண்டு?"

"நீங்க முகமில்லாத அதிகாரம்."

யோசிச்சாரு. "அது நல்லதா, கெட்டதா?"

"கெட்டது அண்ணா," எண்டு மேனுஜா சுவருக்குப் பின்னாலிரிந்து சொன்னா. "சேட் அதை விடக் கெட்டது."

"சேட்டா? அது நீங்க அனுப்பின சேட்தானே?" எண்டு என்னைப் பார்த்தாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்திச்சு.

"மாத்தி எழுதுறன்," எண்டன். "வெட்டின ஹோஸையும் போட்டு எழுதப் போறன்."

"உம்மா வாசிச்சிட்டா?"

"கம்பஸ் ஆய்வை யாரு வாசிக்கிற."

மஃரிப் தொழுகைக்கு நேரமாகுது எண்டு மேனுஜா கையைப் பிடிச்சு இழுத்தா. நான் போகல்ல.

"கூரை போட முந்தியே நிக்காஹ்வை வைக்கச் சொல்லி வாப்பாட்டக் கேக்கப் போறன்," எண்டன். "மிச்ச வயல் கிடக்கட்டும்."

"கூரையில்லாம எங்க இரிக்கிற?"

"உங்களுக்குத்தான் கதிரை இரிக்கே."

"உங்களுக்கு?"

நான் குனிஞ்சு ஹோஸை எடுத்தன். "கொஞ்சம் அங்கால நில்லுங்க," எண்டன். "அந்தச் சுவர் காயுது."